கிணற்று நீர் எங்கிருந்து வருகின்றது? காற்று, நீர், மழை ஆகியவற்றைப் பற்றிய பாடம்

பயிர்த்தொழிலுக்கு இன்றியமையாதன நிலம், நீர், காற்று, வெயில் என்னும் நான்குமாம். இவற்றுள் நிலத்தைக் குடியானவன் விலைகொடுத்து வாங்குகின்றான். அதற்கு எல்லை வகுத்து வரப்பும் இடுகின்றான். மற்றைய மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. விலையின்றிக் கிடைப்பதனாலேயே அவற்றின் இயல்பை ஆராய்ந்தறிவோர் சிலராகவே இருக்கின்றனர். சிறப்பாகக் கிணற்று நீரைப்பற்றிக் கிராமங்களில் ஒரு தவறான எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பூமிக்குள் என்றும் வற்றாத ஊற்று ஒன்று உண்டென்றும், கிணற்றை ஆழப்படுத்துந்தோறும் அவ்வூற்று அகப்படும் என்றும், மழைக்கும் அதற்கும் தொடர்பு அதிகமில்லை என்றும் பலர் கருதுகின்றனர். இவ்வெண்ணத்தினால் கடன்பட்டுக் கிணறு வெட்டியும், ஆயிரம் அடிக்குமேல் ஆழ்துளை இட்டும் போதிய நீர் காணாது நொந்த குடும்பங்கள் கோயம்புத்தூர் முதலிய மேட்டுநிலப் பகுதிகளிற் பல.

உண்மை யாதெனில், கிணற்றில் ஊறும் நன்னீர் முழுவதும் ஒரு காலத்தில் மழையாகப் பெய்த நீரே. அம்மழை பெய்வதற்கு முன் காற்றில் ஆவியாக இருந்தது. ஆவியாவதற்கு முன் கடலிலோ, ஏரியிலோ, மரத்தின் இலையிலோ இருந்தது. இங்ஙனம் நீர் ஓயாது சுற்றி வருகின்றது. அச்சுற்றில் நீரைக் குடியானவன் தன் கையால் தடுத்து நிறுத்தக்கூடிய இடம் ஒன்றே ஒன்று உண்டு. அவ்விடம் எது என்பதைப் பள்ளியிற் பயிலும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் அறிந்துகொள்ளும் வண்ணம் இங்கு முறையாக விளக்கப்படுகின்றது.

காற்று

காற்று கண்ணுக்குப் புலப்படாதாயினும் அது ஒரு பொருளே. அதற்கு இடமும் வேண்டும், எடையும் உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளரின் அடியில் உலர்ந்த காகிதத்தைத் திணித்து, தம்ளரைக் கவிழ்த்து, நீர் நிறைந்த அண்டாவிற்குள் நேராக அமிழ்த்திப் பார்க்கலாம். வெளியே எடுத்தபின் காகிதம் நனையாமலே இருக்கும். உள்ளே இருந்த காற்று இடத்தைப் பிடித்துக்கொண்டு நீரை ஏறவிடாமல் தடுத்ததே இதற்குக் காரணம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. ஐந்து மீட்டர் நீளமும், நான்கு மீட்டர் அகலமும், மூன்று மீட்டர் உயரமும் உள்ள வகுப்பறையில் அடங்கிய காற்று ஏறத்தாழ 72 கிலோ, அதாவது வளர்ந்த ஓர் ஆளின் எடை இருக்கும்.

காற்றென்பது ஒரே வாயுவன்று. பல வாயுக்களின் கலப்பாகும். உலர்ந்த காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்னும் உப்புவாயு. 21 பங்கு பிராணவாயு. ஏறக்குறைய ஒரு பங்கு ஆர்கான். கரியமில வாயு பதினாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மிகுதியாகவே உள்ளது. இத்துணைச் சிறிய பங்காயினும், செடிகொடிகள் தம் உடலைக் கட்டிக்கொள்வது இக்கரியமில வாயுவைக் கொண்டே. இலையிலுள்ள பச்சையம் வெயிலின் துணையால் கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்து மாவுப்பொருளாக்குகின்றது. ஆகவே களஞ்சியத்தில் நிறையும் நெல்லின் பெரும்பகுதி காற்றிலிருந்தும் நீரிலிருந்துமே வந்ததாம்.

மண்ணுக்குள்ளும் காற்று உண்டு. உலர்ந்த மண்கட்டியை நீரில் இட்டால் குமிழிகள் எழுவதைக் காணலாம். வேர்களும் மூச்சு விடுகின்றன. மஞ்சள், பருத்தி, மிளகாய் முதலியவற்றின் வயலில் மழைநீர் பல நாள் தேங்கினால் பயிர் வெளிறி வாடுவது, வேருக்குக் காற்றுக் கிடைக்காமையினாலேயே. நெற்பயிருக்கு மட்டும் இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் போன்ற இடைவெளிகள் அமைந்திருத்தலால், அது நின்ற நீரிலும் செழிக்கின்றது.

மேற்சொன்ன வாயுக்களோடு காற்றில் எக்காலத்தும் ஓரளவு நீராவியும் கலந்திருக்கின்றது. நீரின் சுற்றுப்பயணத்துக்கு வண்டியாக உதவுவது காற்றே. காற்றில்லையேல் கடல்நீர் கடலிலேயே கிடக்கும். மலைமேல் மழை பெய்ய வழியில்லை.

நீரின் இருப்பு

ஜலவாயு இரண்டு பங்கும் பிராணவாயு ஒரு பங்கும் சேர்ந்ததே நீர். அது பனிக்கட்டியாகவும், நீராகவும், ஆவியாகவும் மூன்று நிலைகளில் இருக்கும். பூமியிலுள்ள நீரின் மொத்த அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. நிலையும் இடமுமே மாறுகின்றன.

பூமியிலுள்ள நீர் முழுவதும் பதினைந்து லிட்டர் கொள்ளும் 100 குடங்களில் நிரப்பப்பட்டதாக வைத்துக்கொள்க. அவற்றுள் 97 குடங்களுக்கு மேல் உப்பு நீர். ஏறத்தாழ ஒன்றேமுக்கால் குடம் துருவங்களிலும் உயர்ந்த மலைகளிலும் உறைந்து கிடக்கும் பனி. முக்கால் குடம் பூமிக்குள் இருக்கும் நன்னீர். உலகத்திலுள்ள நன்னீர் ஏரிகளிலும் ஆறுகளிலும் உள்ள நீரெல்லாம் சேர்ந்து ஒரு சிறு தம்ளர் அளவே. ஆயினும் மரம் முதல் மனிதர்வரை தரைமேல் வாழும் உயிர்கள் வாழ்ந்திருப்பது, அச்சிறு தம்ளரும் அம்முக்கால் குடமும் மழையினால் மீண்டும் மீண்டும் நிரப்பப்படுவதனாலேயே.

நீர் ஆவியாதல்

தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் உள்ள உப்பளங்களைக் கண்டவர்களுக்கு நீர் ஆவியாகும் முறையை விளக்க வேண்டுவதில்லை. பாத்திகளிற் பாய்ச்சிய உப்புநீர் வெயிலினாலும் காற்றினாலும் நாளுக்குநாள் சுண்டி, முடிவில் உப்புமட்டும் தங்குகின்றது. போனது நன்னீர்; தங்கியது உப்பு. கடல் முழுவதும் இதே வேலைதான் நடைபெறுகின்றது. கடல்நீர் கரிக்க, அதிலிருந்து எழுந்த மேகம் பெய்யும் மழை கரியாதிருப்பதன் காரணம் இதுவே.

நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை அது தன்னைச் சூழ்ந்த பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளும். மண்பானையின் நுண்துளைகள் வழியாகக் கசிந்த நீர் ஆவியாகும்பொழுது பானையின் சூட்டை எடுத்துச் செல்வதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. ஈரத்துணி வெயிலில் விரைவில் உலரும், காற்றுவீசினால் இன்னும் விரைவில் உலரும், மடித்துவைத்தால் உலராது. ஆகவே வெயில், காற்று, பரப்பு ஆகிய மூன்றும் மிகுந்தால் ஆவியாதலும் மிகும். தமிழ்நாட்டின் சமவெளிகளில் வேனிற்காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாள் ஒன்றுக்கு 6 முதல் 8 மில்லி மீட்டர் உயரமுள்ள நீர் ஆவியாகிவிடும். மாதம் ஒன்றுக்கு இது ஏறத்தாழ 8 அங்குலமாகும். பரந்து ஆழமற்றுத் தூர்ந்துபோன ஏரியில் நீர் தங்காமைக்கு இது ஒரு முக்கிய காரணம்.

செடிகளும் ஆவியை வெளிவிடுகின்றன. ஓர் இலைக்கொத்தின்மேல் தெளிவான பையை மாட்டி வாயைக் கட்டிவைத்தால், சில நாழிகையில் பையின் உட்புறத்தில் நீர்த்துளிகள் படியும். வேர் உறிஞ்சும் நூறு லிட்டர் நீரில் 97 லிட்டருக்குமேல் இலைத்துளைகளின் வழியாக ஆவியாகிக் காற்றிற் கலக்கின்றது. எஞ்சிய சிறுபகுதியே பயிரின் உடலில் தங்குகின்றது. வயலில் ஆவியாவதும், கசிவதும், பயிர் வெளிவிடுவதும் ஆகிய எல்லாம் சேர்ந்து, ஒரு கிலோ நெல் விளைவதற்குச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் செலவாவதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். களத்தில் ஒரு படி நெல் சிந்தினால் அதனுடன் பல குடம் நீரும் சிந்துகின்றதெனக் கொள்க.

மேகமும் மழையும்

சூடான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைந்த அளவே தாங்கும். 30 டிகிரி செல்சியஸ் சூடுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் ஆவியைத் தாங்க வல்லது. அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்குமேல் தாங்காது. மிஞ்சிய 13 கிராமும் நீராக வெளிப்பட்டுத் தீரவேண்டும். குளிர்ந்த நீர் நிறைந்த பித்தளைச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும், மார்கழி மாதத்து விடியற்காலையில் புல்லின்மேல் பனித்துளி நிற்பதும் இவ்விதியினாலேயே.

தரைக்கருகிற் சூடேறிய காற்று இலேசாகி மேலெழும்புகின்றது. மேலே செல்லச்செல்ல அது விரிந்து, நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் குளிர்கின்றது. தாங்கமுடியாத அளவுக்குக் குளிர்ந்தவுடன், காற்றிலுள்ள தூசியையும் கடல் உப்பின் நுண்துகளையும் பற்றிக்கொண்டு ஆவியானது சிறு திவலைகளாகின்றது. இத்திவலைகளின் கூட்டமே மேகம். மேகத்திவலையின் குறுக்களவு ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே ஆதலின், அது காற்றில் மிதக்கும். இத்தகைய திவலைகள் ஏறத்தாழப் பத்து லட்சம் ஒன்றுசேர்ந்தால்தான் சாதாரணமான ஒரு மழைத்துளி உண்டாகும். அப்பொழுது எடை தாங்காமல் அது கீழே விழுகின்றது.

ஒரு நேரத்தில் காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள ஆவியனைத்தும் ஒருங்கே பெய்தால், பூமியின்மேல் ஓர் அங்குல உயரமே நீர் நிற்கும். ஆயினும் உலகத்தின் ஓராண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 40 அங்குலம். ஆகவே காற்றிலுள்ள ஆவி ஆண்டிற்கு நாற்பது முறை இறங்கி நாற்பது முறை ஏறுகின்றது. ஒன்பது நாளைக்கு ஒருமுறை சரக்கு மாறுகின்றது.

தமிழ்நாட்டுக்கு மழை வரும் வழி

தமிழ்நாட்டிற்கு மழைகொணரும் காற்றுக்கள் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. இது அரபிக்கடலின் ஆவியைச் சுமந்துவந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து பெய்கின்றது. மலைமேலுள்ள வால்பாறை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லி மீட்டருக்குமேல் மழை பெய்ய, மலைக்குக் கிழக்கே அண்மையிலுள்ள கோயம்புத்தூர்ச் சமவெளியில் 700 மில்லி மீட்டர் கிடைப்பதே அரிது. மலையைக் கடந்த காற்று தன் சரக்கை மேற்கே இறக்கிவிட்டுக் கீழிறங்கிச் சூடேறுவதனால், அங்கு மழைமறைவு உண்டாகின்றது.

ஆயினும் தென்மேற்குப் பருவம் சோழநாட்டிற்கு வேறு வழியில் உதவுகின்றது. குடகிலும் கர்நாடகத்து மலைச்சரிவுகளிலும் பெய்யும் மழையே காவேரியாகப் பெருகி மேட்டூரை அடைகின்றது. 1934ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணை, அந்நீரைத் தேக்கிக் குறுவைக்கும் சம்பாவிற்கும் கொடுக்கின்றது. தஞ்சாவூரில் மேகமே காணாத ஆடி மாதத்திலும் வாய்க்காலில் ஓடும் நீர், சில வாரங்களுக்கு முன் அரபிக்கடலில் அலையாக இருந்ததாம்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. இது வங்காள விரிகுடாவின் ஆவியைக் கொணர்கின்றது. கடலில் உண்டாகும் தாழ்ந்த அழுத்த மண்டலங்களும் புயல்களும் இப்பருவத்தில் பெருமழை தருகின்றன. தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரி 900 மில்லி மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஏறக்குறையப் பாதி இப்பருவத்தில் பெய்வது. சமவெளியின் பல இடங்களில் மழைநாட்கள் ஆண்டில் ஏறத்தாழ ஐம்பதே. அந்த ஐம்பது நாளில் வந்ததைக்கொண்டு மற்றைய முந்நூற்றுப் பதினைந்து நாளையும் கழிக்கவேண்டும். விவசாயத்தின் தொல்லையெல்லாம் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

பெய்த மழை செல்லும் மூன்று வழிகள்

தரையில் விழுந்த மழைநீருக்கு மூன்று வழிகளே உண்டு. ஒரு பகுதி மீண்டும் ஆவியாகிக் காற்றிற் சேரும். ஒரு பகுதி தரைமேல் ஓடி ஓடை, ஆறு, கடல் எனச் சென்றுவிடும். எஞ்சிய பகுதி மண்ணுக்குள் இறங்கும். இம்மூன்றாவது பகுதியே முதலில் பயிரின் வேருக்கும், பிறகு கிணற்றுக்கும் பயன்படுவது.

மண்ணுக்குள் இறங்கும் அளவு மண்ணின் தன்மையைப் பொறுத்தது. ஆற்றுவண்டலிலும் மணலிலும் நீர் எளிதில் இறங்கும். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறையின்மேல் அமைந்தது. அங்கு நீர் தங்கக்கூடிய இடம், மேலுள்ள மக்கிய பாறையும் அதன்கீழ் உள்ள வெடிப்புக்களுமே. அடிப்பாறை பானைபோன்றதன்று, கல்போன்றது. எவ்வளவு ஆழத்துக்குத் துளைத்தாலும், வெடிப்பில்லாத பாறையில் நீர் தங்க இடமில்லை. ஆழத்திலுள்ள வெடிப்பில் நீர் கிடைத்தாலும் அது பல ஆண்டுகளாகச் சொட்டுச்சொட்டாக இறங்கிச் சேர்ந்ததாகும். அதை இரண்டொரு கோடையில் இறைத்துவிட்டால், மீண்டும் சேர்வதற்கு அத்துணைக் காலம் வேண்டும்.

ஒரு கணக்கு

கடும்பாறை நிலங்களில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நிலத்தடி நீராகச் சேர்கின்றது. ஆண்டுக்கு 700 மில்லி மீட்டர் மழை பெய்யும் ஊரில் இது 70 மில்லி மீட்டர் ஆகும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர் ஆதலின், ஓர் ஏக்கரின்கீழ் ஓராண்டிற் சேரும் நீர் ஏறத்தாழ 2,83,000 லிட்டர். இது வரவு.

செலவைக் காண்போர் பின்வருவதை நோக்குக. நிலக்கடலைக்கு ஏறத்தாழ 500 மில்லி மீட்டரும், நெல்லுக்கு 1,200 மில்லி மீட்டரும், கரும்புக்கு 2,000 மில்லி மீட்டரும் நீர் வேண்டும். மழையே உதவாமல் முழுவதும் கிணற்றிலிருந்து பாய்ச்சுவதானால், ஓர் ஏக்கர் நிலக்கடலைக்கு ஏழு ஏக்கரின்கீழ் ஓராண்டில் ஊறும் நீரும், ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பதினேழு ஏக்கரின் ஊறலும், ஓர் ஏக்கர் கரும்புக்கு இருபத்தெட்டு ஏக்கருக்கு மேற்பட்ட ஊறலும் தேவைப்படும். பருவமழை பயிரின்மேல் நேரே பெய்வதனாலும், பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தில் இறங்குவதனாலும் இக்கணக்கு ஓரளவு குறையும். ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. ஐந்து ஏக்கர் உடையவன் ஐந்து ஏக்கரிலும் கரும்பு வைத்து இறைத்தால், அவன் இறைப்பது தன் நிலத்து நீரை மட்டுமன்று. அண்டைநிலத்து நீரையும், வருங்கால நீரையும் சேர்த்தே இறைக்கின்றான். அண்டைநிலத்தானும் அவ்வாறே செய்தால் இருவர் கிணறும் வற்றுவதில் வியப்பில்லை.

இஃது ஒரு ஊரின் நிலை மட்டுமன்று. 2017ஆம் ஆண்டு நிலைமையைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீட்டில், தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களுள் 462இல், ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிகமான நீர் இறைக்கப்பட்டு வந்ததாகக் காணப்பட்டது. வரவுக்கு மேற்பட்ட செலவு செய்யும் வீடு சிலகாலம் முதலைக்கொண்டு நடக்கும். முதல் தீர்ந்தபின் நடக்காது. கடலோரப் பகுதிகளில் இன்னுமொரு தீங்கு உண்டு. நன்னீர் அளவுக்குமீறி இறைக்கப்பட்டால், அது விட்ட இடத்தைக் கடல்நீர் வந்து பிடித்துக்கொள்ளும். அதன்பின் கிணற்றில் நீர் இருந்தும் பயனில்லை.

நீரை நிறுத்தக்கூடிய இடம்

கடலில் ஆவி எழுவதும், காற்று அதைச் சுமப்பதும், மேகம் பெய்வதும் குடியானவன் கையில் இல்லை. பெய்த மழை ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்கும்படி செய்வது மட்டுமே அவன் கையில் உள்ளது. நீரின் பெருஞ்சுற்றில் அவனுக்குக் கொடுக்கப்பட்ட இடம் இதுவே. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீராகும். வரப்பின் உடைப்பு ஒன்று அடைபடாமையால் இதில் பாதி ஓடிவிட்டாலும் நஷ்டம் ஐம்பதினாயிரம் லிட்டர்.

முன்னோர் இதை நன்குணர்ந்தே ஏரிகளை அமைத்தனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஏரி பாசனத்திற்கு மட்டும் உரியதன்று. ஏரி நிரம்பிய ஆண்டில் அதன் கீழுள்ள கிணறுகளெல்லாம் மட்டம் உயர்வதை எவ்வூரிலும் காணலாம். வரத்துக்கால் அடைபட்டும், வண்டல் தூர்ந்தும், கலங்கல் சிதைந்தும் போன ஏரி, கிணறுகளுக்கு நீர்விடும் வேலையைச் செய்யமாட்டாது. ஊரார் ஒன்றுகூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தின் பெயரால் 2017ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தாரும் ஏரிகளைச் சீர்படுத்தும் வேலையை மேற்கொண்டனர். எடுக்கப்பட்ட வண்டல் புன்செய் நிலத்துக்கு நல்ல எருவும் ஆகும்.

நிலத்திலேயே நீரை நிறுத்துவதற்குப் பின்வரும் முறைகள் பயன்தரும்.

முதலாவது, கோடை உழவு. சித்திரை, வைகாசி மாதங்களிற் பெய்யும் மழையைக்கொண்டு உழுதுவைத்த நிலத்தில் மேல்மண் உடைந்து நீர் எளிதில் இறங்கும். உழாத இறுகிய நிலத்தில் நீர் வழிந்தோடும்.

இரண்டாவது, சரிவுக்குக் குறுக்கே உழுதலும் வரப்பிடுதலும். சரிவோடு உழுத ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வாய்க்காலாகி நீரையும் மண்ணையும் கொண்டுபோய்விடும். குறுக்கே உழுத சால் ஒவ்வொன்றும் ஒரு சிறு அணையாக நிற்கும்.

மூன்றாவது, தொழுவுரம், தழையுரம், மூடாக்கு ஆகியவை. மக்கிய எரு கலந்த மண் பஞ்சுபோல நீரை ஏற்று வைத்துக்கொள்ளும். சருகு, தட்டை, கரும்புச் சோகை முதலியவற்றால் மண்ணை மூடிவைத்தால், மழைத்துளி மண்ணை அறைந்து மேற்பொருக்கு உண்டாக்குவதும் குறையும். ஈரம் ஆவியாவதும் குறையும். சோகையைத் தீயிட்டுக் கொளுத்துவோர் நிலத்தின் குடையைக் கொளுத்துகின்றனர்.

நான்காவது, பண்ணைக்குட்டையும் கசிவுநீர்க் குட்டையும். நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டிய குட்டை, ஓடும் நீரைத் தடுத்து, ஒரு தண்ணீருக்கு உதவுவதுடன் கிணற்றுக்கும் கசிவு கொடுக்கும். கிணற்றுக்குள் ஓடைநீரை விடுவோர், மணலும் சரளையும் நிரப்பிய தொட்டியில் வடித்த பின்னரே விடவேண்டும். கலங்கல் நீரை நேராக விட்டால் ஊற்றுக்கண்கள் அடைபடும்.

ஐந்தாவது, செலவைச் சுருக்குதல். சொட்டுநீர்ப் பாசனம், நெல்வயலில் நீர் மறைந்தபின் மறுநீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலுமான முறை, நீர்குறைந்த பட்டத்தில் கேழ்வரகு, கம்பு, உளுந்து, எள் போன்ற பயிர்களைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை இதில் அடங்கும். சொட்டுநீரால் மிஞ்சிய நீரைக்கொண்டு மேலும் இரண்டு ஏக்கரில் கரும்பு வைப்பின் சிக்கனத்தால் விளைந்த பயன் ஒன்றுமில்லை.

வீட்டின் கூரையும் ஒரு சிறு வயலே. ஆயிரம் சதுர அடியுள்ள கூரையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லிட்டர் நீர் கிடைக்கும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டதன் நோக்கம், இந்நீர் தெருவில் ஓடிவிடாமல் நிலத்தில் இறங்கவேண்டும் என்பதே.

மாறிவரும் காலநிலை

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதனால் இப்பொழுது 420 பங்குக்குமேல் உயர்ந்துள்ளது. இவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதனால் பூமியும் கடலும் சூடேறி வருகின்றன. காற்றின் சூடு ஒரு டிகிரி உயர்ந்தால், அது தாங்கும் ஆவி நூற்றுக்கு ஏழு பங்கு உயரும். ஆகவே பெய்யும்பொழுது பெருமழையாகப் பெய்வதும், பெய்யாதபொழுது நீண்டநாள் வறள்வதும் மிகக்கூடும். சென்னை 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய முழுவதும் வறண்டன. வெள்ளமும் வறட்சியும் நான்காண்டிற்குள் ஒரே ஊரில் நிகழ்ந்தன. மழை ஒழுங்காகப் பெய்யாத காலத்தில், பெய்ததை நிறுத்திவைப்பதன் அவசியம் முன்னிலும் பெரிதாகின்றது.

பிள்ளைகள் செய்யத்தக்க வேலை

இப்பாடத்தைப் பயின்ற பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு நற்பணியைத் தொடங்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாகவும், பக்கங்கள் செங்குத்தாகவும், அடி தட்டையாகவும் உள்ள தகரப்பாத்திரம் ஒன்றை, மரமும் கட்டடமும் மறைக்காத வெளியில் அசையாது வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்க. அளந்தபின் நீரைக் கொட்டிவிடவேண்டும். இதுவே அந்நிலத்தின் மழையளவு.

மாதந்தோறும் முதல்நாள் காலையில், மோட்டார் ஓடுவதற்குமுன், அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டு, கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை எத்தனை அடி என்று குறிக்கவேண்டும். பிள்ளைகள் கிணற்றருகே பெரியவர் ஒருவருடனேயே செல்லல் நன்று. இவ்விரு அளவுகளையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்குப்பக்கம் எழுதிவந்தால், எவ்வளவு மழைக்குக் கிணறு எத்தனை அடி ஏறுகின்றது, எப்பயிருக்கு எத்தனை அடி இறங்குகின்றது என்பது இரண்டு ஆண்டிற்குள் தெளிவாகும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் மார்கழி மாதத்தில் கிணற்றின் மட்டத்தைப் பார்த்து, அவ்வாண்டுக் கோடைக்கு எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று வீட்டில் முடிவுசெய்ய அக்குறிப்பு உதவும்.

வரவை அளந்து செலவை வகுக்கும் குடும்பத்தின் நிலத்தில், கிணறு புதிதாக வெட்டவேண்டிய அவசியம் பெரும்பாலும் நேராது. புதிய ஆழ்துளைக்குக் கடன் வாங்க நினைப்போர், அதற்கு முன் நிலத்தின் வரப்பையும், ஊரின் ஏரிக்கு நீர்வரும் காலையும் ஒருமுறை நடந்து பார்ப்பது நலம். கிணற்றுக்கு நீர் வரும் வழி அங்கேயே தொடங்குகின்றது.